ஒயினை எதில் வடிகட்டுவது? பேட், டயட்டம் மண், கிராஸ்ஃப்ளோ, மெம்பிரேன்: ஓர் ஒப்பீடு

நாசிக் பக்கம் ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியிலேயே தொடங்கி மார்ச் வாக்கில் ஓய்ந்துவிடும். நொதித்து முடிந்த ஒயின் மண்டியைத் தொட்டியின் அடியில் இறக்கிவிட்டு மேலே ஓரளவு தெளிந்து நிற்கும். பாட்டிலில் ஊற்றும் முன் அதை எதில் வடிகட்டுவது என்று ஒரு சிறிய ஒயினரி முடிவெடுக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 லிட்டர் உற்பத்தி. அதில் 5,000 லிட்டர் செனின் பிளாங்க், லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை மீந்த லேசான இனிப்பு வெள்ளை ஒயின். 3,000 லிட்டர் சாவிஞான் பிளாங்க், இதுவும் வெள்ளை. சர்க்கரை இல்லை, மாலிக் அமிலம் மட்டும் அப்படியே இருக்கிறது. மீதி 4,000 லிட்டர் போன அறுவடையின் ஷிராஸ், பீப்பாயில் 10 மாதம் கிடந்த சிவப்பு ஒயின்.

இதற்கு நான்கு வகை ஃபில்டர்கள் சந்தையில் உண்டு: பேட் எனும் நார் அட்டை வைத்த பிளேட் ஃபில்டர், டயட்டம் எனும் நுண்பாசிகளின் ஓடுகளாலான மண்ணில் வடிக்கும் ஃபில்டர், சவ்வை ஒட்டி ஒயினை ஓடவிடும் கிராஸ்ஃப்ளோ, மெல்லிய சவ்வு வைத்த மெம்பிரேன் கார்ட்ரிட்ஜ். வடிகட்டாமலே விடுவது ஐந்தாவது வழி. வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது "எத்தனை மைக்ரான்?" என்ற கேள்வியைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு. பாட்டிலுக்குள் போனபின் நுண்ணுயிர் தின்பதற்கு இந்த ஒயினில் என்ன மிச்சம் இருக்கிறது? இந்த ஒயின் ஃபில்டரை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்தக் கருவி என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

தெளிவு வேறு, கிருமி நீக்கம் வேறு

வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் சுமார் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஈஸ்ட் செல் ஒன்று 5 முதல் 10 மைக்ரான். மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் ஈனோகாக்கஸ் பாக்டீரியா ஒரு மைக்ரானுக்கும் குறைவு. எனவே கண்ணாடியில் பளிச்சென்று தெரியும் ஒயினிலும் லட்சக்கணக்கில் உயிருள்ள செல்கள் மிதக்கலாம். ஈஸ்டைப் பிடிக்க 0.65 மைக்ரான் மெம்பிரேன் போதும். பாக்டீரியாவையும் பிடிக்க வேண்டுமானால் 0.45.

எந்த ஃபில்டரும் பிடிக்காதவையும் உண்டு. வெள்ளை ஒயினில் கரைந்திருக்கும் புரதம் 0.45 மைக்ரானிலும் சுலபமாக நழுவிப் போய், பாட்டில் வெயிலில் சூடானதும் திரண்டு மேகம் போல் படியும். அதை எடுப்பது பென்டோனைட் களிமண்ணின் வேலை. லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை வழக்கமாகத் தேவைப்படும். கலங்கிய குளத்து நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுக் காத்திருப்பது போலத்தான் இதுவும்: ஒட்ட வைத்து, கனமாக்கி, அடியில் இறக்குவது. பானக் கிடங்குகளில் குளிர்பதனம் இல்லாத நம் நாட்டில் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நுண்ணிய ஃபில்டருக்குச் செலவழிப்பது வீண்.

மைக்ரான் எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட் மீது போட்டிருக்கும் எண் 'நாமினல்', அதாவது அந்த அளவுத் துகளில் பெரும்பகுதியைப் பிடிக்கும் என்பதே அர்த்தம். மெம்பிரேன் மீது போட்டிருப்பது 'அப்ஸல்யூட்'. சோதனை நுண்ணுயிர் ஒன்றை வைத்து நிரூபித்த எண் அது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சிறிய பேட் இயந்திரங்களில் 'ஸ்டெரைல், 0.5 மைக்ரான்' என்று போட்ட பேட்களைப் பார்க்கலாம். அது நாமினல் எண். அதை நம்பி இனிப்பு ஒயினைக் காக்கும் சல்ஃபர் டை ஆக்சைடைக் குறைவாக வைத்துப் பாட்டிலில் அடைத்தால், கார்க் ஒருநாள் தானாக எழும்பும்.

கார்க் எழும்புவதற்குக் கணக்கு இருக்கிறது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் உண்டாகும். நம் செனினில் இருக்கும் 12 கிராமுக்கு 3 பார். ஷாம்பெயின் பாட்டில் அதைத் தாங்கும். சாதாரண ஒயின் பாட்டிலும் கார்க்கும் அதற்காகச் செய்தவை அல்ல. மாலிக் அமிலம் மட்டும் மீந்திருந்தால் சேதம் இவ்வளவு பயங்கரமாக இருக்காது. லேசான நுரை, கலங்கல், ஊறிய கோஸ் வாடை; வாடிக்கையாளர் திருப்பி அனுப்ப அது போதும்.

முதலில் ஸ்டாப்வாட்ச்

எந்தக் கருவியையும் வாடகைக்கு எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அடைப்புக் குறியீடு என்று அதைச் சொல்லலாம். தேவைப்படுபவை: 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள 0.65 மைக்ரான் மெம்பிரேன் வட்டு, அதைப் பிடிக்கும் ஸ்டீல் ஹோல்டர், ஒரு லிட்டர் கொள்ளும் சிறிய அழுத்தக் கலம், ரெகுலேட்டருடன் நைட்ரஜன் சிலிண்டர், அளவு ஜாடி, ஸ்டாப்வாட்ச்.

ஒயினை 20 டிகிரிக்குக் கொண்டு வந்து கலத்தில் ஊற்றுங்கள். அழுத்தத்தைச் சரியாக 2 பாரில் நிறுத்திவிட்டு வால்வைத் திறங்கள். ஜாடியில் 200 மில்லி சேர எத்தனை விநாடி, 400 மில்லி சேர எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணின் இருமடங்கைக் கழித்தால் வருவது குறியீடு. ஃபில்டர் கொஞ்சமும் அடைபடாவிட்டால் 400 மில்லிக்கு ஆகும் நேரம் 200 மில்லிக்கு ஆனதைப் போல் சரியாக இருமடங்காக இருக்கும், குறியீடு பூஜ்யம். 200 மில்லிக்கு 35 விநாடி, 400 மில்லிக்கு 78 விநாடி என்றால் குறியீடு 8. அந்த ஒயினை நேரடியாக மெம்பிரேனுக்கு அனுப்பலாம். 60, 190 என்று வந்தால் 70. கார்ட்ரிட்ஜ் பாதி வழியிலேயே நின்றுபோகும். 20க்குக் கீழே இருந்தால்தான் மெம்பிரேன் என்பது பொதுவான வரம்பு.

இந்தச் சோதனையைக் கலங்கல் மீட்டரின் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மீட்டர் 1 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே காட்டும் ஒயினும் மெம்பிரேனை அடைக்கலாம். ஒளியைச் சிதறடிக்காத வழவழப்பான பாலிசாக்கரைடுகள், பெக்டினும் குளூக்கனும், துளைகளை மூடிவிடுவதே காரணம். பெக்டின் அதிகமாக அழுத்திப் பிழிந்த திராட்சையிலிருந்து வருகிறது. குளூக்கன் வருவது போட்ரைடிஸ் பூஞ்சை பிடித்த திராட்சையிலிருந்து. பிரான்ஸின் சோட்டேர்ன் இனிப்பு ஒயின்களுக்கு அந்தப் பூஞ்சைதான் பெருமை, வடிகட்டுபவருக்கு அதுவே தலைவலி.

குளூக்கன் இருக்கிறதா என்று பார்க்க 10 மில்லி ஒயினில் 5 மில்லி 96 சதவீத ஆல்கஹாலை ஊற்றி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வெள்ளை இழைகள் சுருண்டு மிதந்தால் இருக்கிறது. பீட்டா குளூக்கனேஸ் என்சைம் போட்டு ஒயினை 15 டிகிரிக்கு மேல் வைத்து ஒரு வாரம், பத்து நாள் விட வேண்டும். குளிர்ந்த தொட்டியில் போட்டுவிட்டு மறுநாளே வடிகட்டப் பார்த்தால் என்சைமுக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம். பென்டோனைட்டை என்சைமுக்குப் பிறகே சேர்க்க வேண்டும். என்சைமும் புரதம்தான், களிமண் அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு பொறி: ஒயினை நிலைப்படுத்தச் சேர்க்கும் கம் அரபிக் பிசின், சி.எம்.சி. (செல்லுலோஸ் கோந்து) போன்றவற்றைப் பாட்டிலிங்குக்கு முன் சேர்த்தால் குறியீடு எகிறும். சேர்த்து ஓரிரு நாள் விட்டு மறுபடி அளந்தபின்தான் ஃபில்டரைத் தொட வேண்டும்.

பேட் ஃபில்டர்: பழைய குதிரை

ஜெர்மனியின் பாட் கிராய்ட்ஸ்னாக் ஊரில் 1887-இல் தொடங்கிய சைட்ஸ் நிறுவனத்தின் பெயர் இந்தத் தொழிலில் இன்றும் அடிபடுகிறது. அந்தக் காலத்துப் பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போது செல்லுலோஸ் நாரும் டயட்டம் மண்ணும் பெர்லைட் எனும் எரிமலைப் பாறைத் தூளும் சேர்ந்த 4 மில்லிமீட்டர் தடிமனான அட்டை. இதில் ஒயின் மேற்பரப்பில் மட்டும் வடிவதில்லை. மணல் வடிகட்டியில் நீர் இறங்குவது போல அட்டையின் ஆழம் முழுக்க வளைந்து நெளிந்து போகிறது, துகள்கள் வழியில் சிக்குகின்றன. அதனால்தான் கொஞ்சம் கலங்கலையும் பேட் பொறுத்துக்கொள்ளும்.

40க்கு 40 சென்டிமீட்டர் பேட் ஒன்றின் வேலை செய்யும் பரப்பு ஏறக்குறைய 0.14 சதுர மீட்டர். 20 பேட் வைத்தால் 2.8. நுண்ணிய ரகப் பேட்டில் சதுர மீட்டருக்கு மணிக்கு 350 லிட்டருக்கு மேல் தள்ளாமல் ஓட்டினால் மணிக்கு 980 லிட்டர். 3,000 லிட்டர் சாவிஞான் மூன்று மணி நேரத்தில் முடியும். தெளிய வைக்கும் பெருந்துளைப் பேட்டில் 600 வரை போகலாம். உள்ளே நுழையும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் பெருந்துளைப் பேட்டில் 3 பாரைத் தாண்டக் கூடாது, நுண்ணிய பேட்டில் 1.5 பாரை. தாண்டினால் என்ன ஆகும்? ஒயின் நின்றுவிடாது. நிற்காததுதான் ஆபத்து. சிக்கிய ஈஸ்ட் அட்டையின் ஆழத்திலிருந்து பிதுங்கி மறுபக்கம் வந்துவிடும். அழுத்தமானி சட்டென்று இறங்கும், பார்ப்பவர் "அடைப்பு விட்டுவிட்டது" என்று சந்தோஷப்படுவார்.

மாட்டும்போது பேட்டின் சொரசொரப்பான முகம் ஒயின் நுழையும் பக்கம், வழவழப்பான முகம் வெளியேறும் பக்கம். ஒரே ஒரு பேட் திரும்பியிருந்தாலும் அதன் நார் பாட்டிலில் மிதக்கும். மாட்டியதும் 1 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டி, பிறகு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் வீதம் சுத்தமான நீரை ஓட்டுங்கள். வெளியே வரும் நீரை ஒரு கிளாசில் பிடித்துச் சுவைத்துப் பாருங்கள். ஈரமான அட்டைப்பெட்டியின் வாசம் அடித்தால் இன்னும் ஓட்ட வேண்டும். அந்த வாசம் அப்படியே முதல் நூறு பாட்டிலுக்குள் போகும். கிருமி நீக்கம் தேவையென்றால் 80 முதல் 85 டிகிரி சுடுநீரை 20 நிமிடம் மெதுவாக ஓட்டலாம். சூட்டில் அட்டை மெலியும். ஆறியதும் திருகை மறுபடி இறுக்க மறந்தால் பிளேட்களின் ஓரங்களில் சொட்டும்.

கொஞ்சம் சொட்டுவது இந்த வடிவமைப்பின் பிறவிக் குணம். அடியில் தட்டு வைத்துத்தான் ஆக வேண்டும். தட்டில் சேர்ந்த ஒயினில் காற்றுப் பட்டிருக்கும். அதைத் தொட்டியில் திரும்ப ஊற்றுவது தவறு. அட்டைக்குள் தங்கும் ஒயினும் கணக்கில் வரும். ஒரு பேட்டின் கன அளவே 640 கன சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி வெற்றிடம், அரை லிட்டருக்குக் குறையாமல் உறிஞ்சும். 20 பேட்டுக்கு 10 லிட்டர். 3,000 லிட்டருக்கு இது பொருட்டல்ல, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை மட்டும் வடிகட்டுபவருக்கு 5 சதவீதம்.

பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்டன் பம்பும் டயஃப்ரம் பம்பும் துடித்துத் துடித்துத் தள்ளும். அந்தத் துடிப்பு அட்டையில் சிக்கியதை உலுக்கிவிடும். சீராகத் தள்ளும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் நல்லது, அதையும் வால்வில் குறுக்கிவைத்து மெதுவாகத் திறப்பது இன்னும் நல்லது. ஒயினில் நொதிப்பின் கார்பன் டை ஆக்சைடு மிச்சமிருந்தால் அட்டைக்குள் குமிழாகி வழியை மறிக்கும். பலர் அடைப்பு என்று நினைத்துப் புது பேட் மாற்றுவது வெறும் வாயுவுக்காகத்தான்.

பேட் பிடிக்கும், சொட்டல் பிடிக்காது என்பவர்களுக்கு லென்டிகுலர் மாட்யூல் இருக்கிறது. அதே அட்டையை வட்டத் தட்டுகளாக்கி மூடிய ஸ்டீல் உறைக்குள் அடுக்கியது. 12 அங்குல மாட்யூல் ஒன்றில் சுமார் 1.8 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், 13 பேட்டுக்குச் சமம். சுடுநீரில் அலசி அடுத்த ரகத்துக்கும் பயன்படுத்தலாம். பேட்டை விட விலை அதிகம், ஆனால் காற்றுப் படுவதும் ஆள் கூலியும் குறைவு. வெள்ளை ஒயின் மட்டும் செய்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

டயட்டம் மண்: காபி ஃபில்டரின் அண்ணன்

பித்தளைக் காபி ஃபில்டரில் டிகாக்ஷனை வடிகட்டுவது அடியிலுள்ள ஓட்டைகள் இல்லை, மேலே அமுக்கி வைத்த தூள். டயட்டம் மண் ஃபில்டரும் அதே தத்துவம். ஸ்டீல் வலை மீது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ மண்ணை இரண்டு படலமாகப் படிய வைக்க வேண்டும்: முதலில் பருமன் மண் அரை கிலோ, அதன் மேல் நுண்ணியது அரை கிலோ. பார்வைக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும் வரை சுற்றோட்டத்திலேயே விட்டு, பிறகுதான் ஒயினைத் திருப்ப வேண்டும். ஓடும்போதும் லிட்டருக்கு அரை முதல் 2 கிராம் வரை மண்ணைக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். புதிய மண் சேரச் சேரப் படலம் தடிக்கும், வழியும் திறந்தே இருக்கும்.

பெரிய அளவில் கலங்கிய ஒயினைக் குறைந்த செலவில் தெளிய வைக்க இதை மிஞ்ச ஒன்றில்லை. சிறிய இடத்துக்கு இது சரிப்படாது என்பதே எங்கள் கணிப்பு. மின்சாரம் ஒரு நிமிடம் போனால் போதும், பம்ப் நின்று படலம் வலையிலிருந்து சரிந்து விழும். எல்லாவற்றையும் இறக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூசி அதைவிட மோசம். சூளையில் சுட்ட டயட்டம் மண்ணில் படிக சிலிக்கா இருக்கிறது. சுவாசத்தில் உள்ளே போகும் படிக சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் முதல் பிரிவில் சேர்த்தது. மூட்டையைப் பிரிக்கும்போது துணியை முகத்தில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. தூசிக்கான சரியான சுவாச முகமூடி வேண்டும். ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை உறிஞ்ச வைத்து டைனமைட் செய்ததும் இதே மண்ணைக் கொண்டுதான். உறிஞ்சும் குணம் அப்படி. அந்தக் குணத்தால்தான் வேலை முடிந்து வெளியே வரும் ஈரச் சேறும் கொட்ட இடமில்லாத அளவுக்குக் கனக்கும்.

அடிமண்டியிலிருந்து ஒயினைப் பிழிந்தெடுக்கும் சுழல் வெற்றிட டிரம் இதன் பெரிய வடிவம். மண் படலத்தை ஒரு கத்தி சீவிக்கொண்டே இருக்கும். வெற்றிடத்தில் காற்று ஒயினுக்குள் ஏறும் என்பதால் அதில் வருவது தரம் இறங்கிய ஒயின். 12,000 லிட்டர்காரருக்கு அது தேவையில்லை.

கிராஸ்ஃப்ளோ: எல்லாம் செய்யும், எல்லாம் கேட்கும்

இங்கே ஒயின் சவ்வை நோக்கி நேராக மோதுவதில்லை. 0.2 மைக்ரான் துளைகளுள்ள வெற்றுக் குழாய்களுக்குள் வேகமாக ஓடுகிறது. ஒரு பகுதி பக்கவாட்டில் சவ்வைத் தாண்டித் தெளிவாக வெளியேறும், மீதி சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டமே சவ்வின் மீது படிவதைத் துடைத்துவிடுகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் தெளிந்த ஒயினைப் பின்னோக்கி ஒரு தள்ளுத் தள்ளித் துளைகளைத் திறந்துகொள்ளும். கலங்கிய ஒயினை ஒரே ஓட்டத்தில் 1 என்.டி.யு.வுக்குக் கீழே கொண்டுவரும். மண் இல்லை, பேட் குப்பை இல்லை, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதும் இல்லை. பாலிமர் குழாய் விலை குறைவு. செராமிக் நீண்ட நாள் வரும், சூட்டையும் காரத்தையும் தாங்கும்.

ஆனால் வேகம் குறைவு: சதுர மீட்டருக்கு மணிக்கு 30 முதல் 80 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் வேண்டுமென்றால் ஒயினைப் பொறுத்து 13 முதல் 33 சதுர மீட்டர் வரை வேண்டும். சுற்றிச் சுற்றி ஓடுவதால் ஒயின் சில டிகிரி சூடாகும், கடைசியில் மீந்த கெட்டியான பகுதி இன்னும் அதிகமாக. அந்தக் கடைசி ஒன்றிரண்டு சதவீதத்தைத் தனியாக எடுத்து வைப்பதே நல்லது. லாபம் பார்த்து அதையும் பிழிந்து நல்ல ஒயினோடு சேர்ப்பவர்கள் உண்டு, சுவையில் அது தெரியும்.

கிராஸ்ஃப்ளோ கெடுவது பெரும்பாலும் கழுவுவதில்தான். ஓட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீர், பிறகு 60 டிகிரி வாக்கில் காஸ்டிக் கரைசல், பிறகு சிட்ரிக் அமிலம், பிறகு மறுபடி நீர். போர்வெல் நீரை அப்படியே பயன்படுத்தினால் அதிலுள்ள சுண்ணமும் இரும்பும் சவ்விலேயே படியும். ஒயின் செய்யாத குற்றத்தை நீர் செய்துவிடும். மென்னீர் இல்லாத இடத்தில் இந்த இயந்திரத்தை வாங்குவது, பிறகு சவ்வை வாங்கிக்கொண்டே இருப்பது. கழுவியபின் சுத்தமான நீர் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பவருக்குத்தான் சவ்வு தேய்வது முன்கூட்டியே தெரியும்.

கலிஃபோர்னியாவிலும் பிரான்ஸிலும் இதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வடிகட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 12,000 லிட்டருக்குச் சொந்தமாக வாங்கினால் ஆண்டில் சில நாள் ஓடிவிட்டு மீதி நாள் ரசாயனக் கரைசலில் ஊறிக் கிடக்கும். வாடகைக்கோ பக்கத்து ஒயினரியோடு கூட்டாகவோ கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்று: 0.2 மைக்ரானில் வந்த ஒயின் சுத்தம்தான், அதைப் பிடித்த தொட்டியும் ஹோஸும் சுத்தமா? கிராஸ்ஃப்ளோ முடிந்து ஒரு வாரம் தொட்டியில் நின்ற இனிப்பு ஒயினில் ஈஸ்ட் மறுபடி குடியேறியிருக்கும். பாட்டில் நிரப்பும் இடத்தில் மெம்பிரேன் வேண்டும் என்ற விதியை அது மாற்றாது.

மெம்பிரேன்: கடைசிக் காவல்

மெம்பிரேன் மெல்லிய தாள். துளைகள் ஒரே அளவு, பிடிப்பது மேற்பரப்பில் மட்டும். கலங்கல் வந்தால் நிமிடங்களில் மூடிக்கொள்ளும். எனவே இது தெளிய வைக்கும் கருவி அல்ல. ஏற்கெனவே தெளிந்த ஒயினுக்கு, நிரப்பும் இயந்திரத்துக்கு ஓரடி முன்பு நிற்கும் காவல்காரர். 30 அங்குல கார்ட்ரிட்ஜ் ஒன்றில் மணிக்கு 1,000 லிட்டர் வாக்கில் நிதானமாக ஓட்டினால் சிறிய பாட்டிலிங் வரிசைக்குச் சரியாக இருக்கும்.

இதன் பெரிய பலம், ஓட்டை விழுந்திருக்கிறதா என்று சோதிக்க முடிவது. பேட்டில் அது முடியாது. சவ்வை நீரால் முழுமையாக நனைத்து, ஒரு பக்கம் நைட்ரஜன் அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். மறுபக்கக் குழாயை நீர் நிறைந்த வாளிக்குள் விடுங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரும், அது ஊடுருவும் வாயு. உற்பத்தியாளர் சொன்ன அழுத்தம் வரை தொடர்ச்சியான குமிழ் வராவிட்டால் சவ்வு முழுசாக இருக்கிறது. ஒயினில் நனைந்த சவ்வை அப்படியே சோதித்தால் முன்கூட்டியே குமிழ் வரும்: ஆல்கஹால் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நல்ல சவ்வும் தோற்றது போலக் காட்டும். நீர் விட்டு நன்றாக அலசிவிட்டுச் சோதிக்க வேண்டும். சவ்வின் ஒரு மூலை நனையாமல் காற்று தங்கியிருந்தாலும் இதே பொய்த் தோல்வி வரும். மறுபடி நனைத்துச் சோதித்தபின்தான் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடுவது பற்றி நினைக்க வேண்டும்.

உண்மையிலேயே சவ்வு கிழிவது பெரும்பாலும் சுடுநீர் ஓட்டும்போது. 80 டிகிரியில் பிளாஸ்டிக் தளர்ந்திருக்கும். குளிரில் தாங்கும் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அப்போது தாங்கும். வால்வைத் தடாலென்று மூடினால் பின்னோக்கி வரும் அதிர்ச்சியிலும் கிழியும்.

வடிகட்டாமல் விட்டால்?

பிரான்ஸின் பர்கண்டி சிவப்பு ஒயின் லேபிள்களில் 'நான் ஃபில்த்ரே', அதாவது வடிகட்டாதது, என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்க இறக்குமதியாளர் கெர்மிட் லிஞ்ச், விமர்சகர் ராபர்ட் பார்க்கர் போன்றவர்கள் வடிகட்டுவதால் ஒயினின் ஆன்மாவே போய்விடுகிறது என்று உரக்கச் சொன்னதில் அந்தச் சொல் ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. அடர்ந்த சிவப்பு ஒயினை நுண்ணிய ஃபில்டரில் போட்டால் சில நாள் மெலிந்து தெரியும் என்பது உண்மை. அதில் எவ்வளவு ஃபில்டரால், எவ்வளவு வழியில் ஏறிய ஆக்சிஜனால் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. கவனமில்லாத பம்பும் பாதி நிறைந்த தொட்டியும் செய்யும் கெடுதலுக்குப் பழி ஃபில்டர் மேல் விழுகிறது.

வடிகட்டாமல் விட நிபந்தனைகள் உண்டு: குளுக்கோஸும் பிரக்டோஸும் சேர்ந்து லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே, மாலிக் அமிலம் 0.1 கிராமுக்குக் கீழே, ஒயினைக் கெடுக்கும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் இல்லை என்ற ஆய்வக முடிவு, போதுமான சல்ஃபர் டை ஆக்சைடு. எவ்வளவு போதும் என்பதை அமிலத்தன்மையின் அளவான பி.எச். முடிவு செய்கிறது. நுண்ணுயிரைத் தடுக்கும் மூலக்கூறு வடிவில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமென்றால் பி.எச். 3.2-இல் தனி (எதோடும் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு லிட்டருக்கு 20 மில்லிகிராம் போதும், 3.5-இல் 40, 3.8-இல் 79. வெப்பமான இடத்துச் சிவப்பு ஒயின்கள் 3.8-ஐச் சுலபமாகத் தொடும். அந்த ஒயினை வடிகட்டாமல் விட்டு, மே மாதக் கடை அலமாரியில் நிற்க வைப்பது துணிச்சல் அல்ல, சூதாட்டம்.

ஃபில்டருக்குப் பதில் ரசாயனம் என்பவர்களுக்கு: பொட்டாசியம் சார்பேட் ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா அதையே உருமாற்றி ஜெரேனியம் இலை வாடையை உண்டாக்கும். அந்த வாடையை எடுக்க வழியே இல்லை. சார்பேட் போடுவதென்றாலும் ஒயின் முதலில் வடிகட்டிய ஒயினாக இருக்க வேண்டும்.

மூன்று ஒயின்கள், மூன்று விடைகள்

செனினுக்குப் பேரமே இல்லை. பெருந்துளைப் பேட் அல்லது லென்டிகுலர், பிறகு நுண்ணிய பேட், நிரப்பும்போது 0.45 மெம்பிரேன். பி.எச். 3.3 என்றால் தனி சல்ஃபர் டை ஆக்சைடு லிட்டருக்கு 26 மில்லிகிராம் வாக்கில் இருக்க வேண்டும். வடிகட்டியபின் அளந்து சரிசெய்வதே சரி, ஏனெனில் உள்ளே ஏறும் ஒவ்வொரு மில்லிகிராம் ஆக்சிஜனும் ஏறக்குறைய 4 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடைத் தின்னும். ஹோஸ்களையும் வாங்கும் தொட்டியையும் முதலில் நைட்ரஜனால் நிரப்புவது இதற்காகத்தான். டார்டரேட் உப்பைப் படிகமாக்கி இறக்குவதற்காகக் குளிர வைத்த ஒயினைக் குளிரிலேயே வடிகட்ட வேண்டும். சூடானால் படிகம் மறுபடி கரைந்து ஃபில்டரைத் தாண்டிவிடும். குளிரில் ஒயின் தடிப்பாக ஓடும், ஆக்சிஜனும் அதிகம் கரையும். வேகம் குறைவதைப் பார்த்து அழுத்தத்தை ஏற்றக் கூடாது.

சாவிஞானுக்கும் 0.45தான். சர்க்கரை இல்லையே, 0.65 போதாதா என்ற கேள்வி வரும். மாலிக் அமிலம் இருக்கிறது. தின்ன வருவது ஈஸ்ட் இல்லை, பாக்டீரியா.

ஷிராஸுக்கு மேற்சொன்ன நான்கு நிபந்தனையும் நிறைவேறினால் பெருந்துளைப் பேட் ஒரே ஓட்டம் போதும், அதுவும் கண்ணுக்குத் தெரியும் மண்டிக்காக மட்டும். பிரெட்டனோமைசிஸ் சந்தேகம் இருந்தால் நுண்ணிய பேட்டும் 0.45-ம், பெருமை பார்க்காமல்.

பாட்டிலிங் நாளன்று மெம்பிரேனை ஆரம்பத்தில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை சோதிக்க வேண்டும். முடிவுச் சோதனையில் தோற்றால், எந்த நேரத்தில் கிழிந்தது என்று தெரியாது. அன்று நிரப்பிய அத்தனை பெட்டிகளும் சந்தேகத்துக்குரியவை. அதனால் மதிய உணவு இடைவேளையிலும் ஒரு சோதனை செய்து, பெட்டிகளில் நேரம் எழுதி அடுக்குவார்கள். காலைப் பெட்டிகள் தப்பிக்கும். மாலைப் பெட்டிகளில் சில பாட்டில்களை 25 டிகிரியில் மூன்று வாரம் வைத்து, அடியில் வெள்ளையாகப் படிகிறதா, திறக்கும்போது சீறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.